பட்டாளத்துக்கு போன நம்ம தோட்டத்து ஆளுங்க – சுங்கை சிப்புட் பக்கம் உள்ளவங்க கேட்டத எழுதுங்க

தோட்டத்து மவன்:
வணக்கம் சொந்தங்களே. ஜூலை 31 வந்தா டிவியில ஹரி பாலாவான் (வீரர்கள் தினம்) பரேட் காட்டுறாங்க, பாக்குறோம், அதோட சரி. நம்ம மலேசியா பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட் சுத்துவட்டார ரப்பர் தோட்டங்கள்ல இருந்து பட்டாளத்துக்கு போனவங்க எத்தனையோ பேரு, அவங்க கதைய யாரும் எழுதி வெக்கல. தோட்டத்த துண்டு போட்டாச்சு, லயத்த (தொழிலாளிங்க வரிசை வீடுங்கள) இடிச்சாச்சு, பாதி செம்பனை பாதி தாமான் (புது வீடமைப்பு), ஆளுங்க ஈப்போ கிள்ளான்னு சிதறிட்டாங்க. இப்ப கேக்கலன்னா அப்புறம் கேக்க ஆள் இருக்காது. நானே ஆரம்பிக்கிறேன்.

எங்க பெரியப்பா 70கள்ல ரேஞ்சர், அதாவது பட்டாளத்துல ஒரு காலாட்படை பிரிவு. மலாய் ரெஜிமென்ட்ல மலாய்க்காரங்க மட்டும்தான், நம்ம பசங்க போனது ரேஞ்சர், சிக்னல், எஞ்சினியர், சர்வீஸ் கோர் இந்த மாதிரி. இவரு ரப்பர் மரத்துல பால் வெட்டிக்கிட்டு இருந்தவரு. கம்யூனிஸ்டுங்கள எதிர்த்து போட்ட அவசரகாலம் 1960லயே முடிஞ்சாலும் அவங்க தலைவர் சின் பெங்கோட ஆளுங்க சயாம் (தாய்லாந்து) எல்லைக்கு அந்தப்பக்கம் போய் உக்காந்துட்டாங்க, 1968 ஜூன் 17 குரோ–பெத்தோங் ரோட்டுல பதுங்கி இருந்து பாதுகாப்பு படை ஆளுங்க 17 பேர கொன்னாங்க, அதுக்கப்புறம் 1989 டிசம்பர்ல ஹட்யாய்ல சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்து போடுற வரைக்கும் உலு பேராக் காடு பூரா பட்டாளம்தான். கிரிக்ல இருந்து ஜெலி போற கிழக்கு மேற்கு ரோடு இருக்கே, இன்னிக்கு நாம கிளந்தானுக்கு ஜாலியா கார் ஓட்டிட்டு போறோம், அத போட்ட காலத்துல வேலையாளுங்களுக்கு காவலா இருந்ததும் பட்டாளம்தான்.

இவர பாக்குற பசங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேப்பாங்க, அங்கிள் எத்தன பேர சுட்டீங்க? அவரு பதில் சொல்ல மாட்டாரு, டீய குடிச்சிட்டு எழுந்து போயிடுவாரு. நான் ஒருநாள் காட்டுல என்ன பெரியப்பா சாப்பிட்டீங்கன்னு கேட்டேன், அன்னிக்கு ராத்திரி 12 மணி வரைக்கும் பேசினாரு.

சோப்பு கிடையாது, தலைக்கு எண்ண கிடையாது, வாசன காட்டிக் கொடுத்துரும். மெஸ் டின்ல சோறு, நெத்திலி சம்பல், பிஸ்கட்டு. பேச்சு கெடயாது, எல்லாம் கைசாடதான். அட்டைக்கு புகையிலைய நனைச்சு கால்ல தேய்ச்சுக்குவாங்களாம். முன்னாடி போறவன் கால் வெச்ச எடத்துலயே கால் வெக்கணும், பாதையில வெடி பொதச்சு வெச்சிருப்பாங்க. இருட்டுல ரப்பர் மர நெரை (வரிசை) பிடிச்சு நடந்து பழகுன காலு எனக்கு, அதனால டவுன் பசங்கள விட நான் நல்லா நடப்பேன்னு சொல்லும்போது மனுஷன் மூஞ்சில ஒரு பெருமை, அத நீங்க பாக்கணும்.

ஒரு தடவ அவருக்கு ரெண்டு ஆள் முன்னாடி போன மலாய்க்கார பையன் மிதிச்சிட்டான். பாதம் போச்சு. மழ வேற. சாப்பாட்டு மூட்டைய எல்லாம் கீழ போட்டுட்டு மூங்கில் வெட்டி பொஞ்சோவ கட்டி ஸ்ட்ரெச்சர் செஞ்சாங்க, ஆனா தூக்கிட்டு போக முடியல, சரிவு அப்படி, ஒரு அடி வெச்சா ரெண்டு அடி சறுக்குது. சிக்னல் தூக்குறவரு சரவாக்கு இபான், அவரு செட்ட வெச்சுக்கிட்டு கத்திக் கத்தி கூப்பிடுறாரு, மேகம் மூடிக்கிச்சு நாளைக்கு காலைலதான் நூரி ஹெலிகாப்டர் வர முடியும்னு சொல்லிட்டாங்க. ஹெலிகாப்டருக்கு எடம் பண்ண ராத்திரி பூரா பாராங்க (வெட்டுக்கத்தி) வெச்சு மரத்த சாய்ச்சிருக்காங்க, வெளக்கு போட முடியாது, தடவித் தடவி வெட்டுறது, ஒருத்தன் வெட்ட ஒருத்தன் காவல், இந்தப்பக்கம் பெரியப்பா அந்தப் பையன் தலைய மடியில வெச்சுக்கிட்டு தூங்க விடாம பேசிக்கிட்டே இருந்திருக்காரு. என்ன பேசினீங்கன்னு கேட்டேன். எங்க தோட்டத்துல ஒரு நாளைக்கு எத்தன மரம் வெட்டணும், எப்படி கத்தி புடிக்கணும், மழ பேஞ்சா மரத்துல வெட்டுன கோட்டுல பால் எப்படி வழிஞ்சு வீணா போவும், அதெல்லாம் மலாய்ல சொன்னேன், வேற என்ன தெரியும் எனக்கு அப்படின்னாரு. விடிஞ்சு ஹெலிகாப்டர் வந்துச்சு, பையன் பொழைச்சிட்டான்.

அதனால சொல்றேன், தயவுசெஞ்சு எத்தன பேர சுட்டீங்கன்னு கேக்காதீங்க. யாரு கூட நடந்தீங்க, என்ன சாப்பிட்டீங்க, எங்க படுத்தீங்க, இத கேளுங்க.

சாந்தி அக்கா:
தம்பி படிச்சிட்டு கண்ணு கலங்கிருச்சு. எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) ஐஎன்ஏ, நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம். 16 வயசு, பால் வெட்டு. சப்பான்காரன் காலத்துல அவங்க அண்ணன சயாம் ரயிலுக்கு புடிச்சிட்டு போனான், 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட போனவங்கள்ல நம்ம தோட்டத்து ஜனங்க எவ்ளோ பேரு திரும்பி வரல, அவரும் வரவேயில்ல. 1943ல நேதாஜி கூட்டத்துக்கு போயிட்டு வந்து அதுல பொண்ணுங்களுக்கான ஜான்சி ராணி படையில சேந்துட்டாங்க. நாட்டுக்காகவா, வீட்டுல இருந்தா நம்மளையும் ரயிலுக்கு கொண்டு போயிருவான்னு பயமான்னு கேட்டா ரெண்டும்தான்டின்னு சொல்வாங்க, நேர்மையான பதில் அது. சிங்கப்பூர் கேம்ப், லெட்சுமி கேப்டன், துப்பாக்கி, ஹிந்துஸ்தானியில கட்டளை. ஒரு எழுத்து தெரியாத புள்ள அந்த கட்டளைய எல்லாம் சாவுற வரைக்கும் மறக்கல. பர்மா போன பொண்ணுங்க 1945 ஏப்ரல்ல ரங்கூன்ல இருந்து பேங்காக் பக்கம் குண்டுக்கு நடுவுல பின்வாங்கி வந்தாங்க, எங்க அம்மாயி செட்டுக்கு அந்த வாய்ப்பு வரல, அதுல அவங்களுக்கு கடைசி வரைக்கும் வருத்தம். அவங்க அதிகமா சொன்னது பூட்ஸ் பத்தி. தோட்டத்துல வெறுங்கால், கிராணி (தோட்டத்து குமாஸ்தா) ஏய் புள்ளன்னு கூப்பிடுவான், கேம்ப்ல பூட்ஸ் கொடுத்து பேர் சொல்லி கூப்பிட்டாங்கன்னு. சண்ட முடிஞ்சு திரும்பி வந்து மறுபடி அதே பால் வாளி.

ஈப்போ ராஜா:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா சாப்பாடு பத்தி கேட்டாலும் பேச மாட்டாரு. 13 வருஷம் சர்வீஸ். பட்டாசு வெடிச்சா தீபாவளி அன்னிக்கு பின்பக்கம் போய் உக்காந்துக்குவாரு. நாங்க யாரும் கேக்குறதில்ல, அம்மா டீ போட்டு கொண்டு போய் கூட உக்காந்துக்குவாங்க. பேச வெச்சா நல்லதுன்னு எல்லாருக்கும் பொருந்தாது.

இன்னொன்னு, 21 வருஷம் முடிச்சாதான் பென்ஷன், எங்கப்பா மாதிரி பாதியில வந்தவங்களுக்கு மாசாமாசம் ஒன்னும் கெடயாது. வந்து செக்யூரிட்டி கார்டு வேலதான் பாத்தாரு. உங்க வீட்டுல சர்வீஸ் புத்தகம், டிஸ்சார்ஜ் பேப்பர் இருந்தா தூக்கி போட்டுறாதீங்க, லாமினேட் பண்ணி வைங்க, வெட்ரன் (முன்னாள் பட்டாளத்துக்காரங்க) ஆபிஸ்ல எது கேட்டாலும் முதல்ல அந்த பேப்பர்தான் கேக்குறாங்க.

பழைய லயம்:
1948 ஜூன் 16ல இதே சுங்கை சிப்புட்ல 3 வெள்ளக்கார துரைங்கள சுட்டதுல தான் அவசரகாலமே வந்துச்சு, அத மறந்துட்டு பட்டாளத்து கத பேச முடியாது. எங்க தாத்தா தோட்டத்துக்கு காவல் நின்ன ஸ்பெஷல் கான்ஸ்டபிள். காலைல பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சு வேலைக்கு போறவங்கள கேட்டுல நிப்பாட்டி சோத்து சட்டிய தொறந்து பாக்கணும், காட்டுல இருக்குறவனுக்கு அரிசி போகுதான்னு. கடையில டின் வாங்குனா ஓட்ட போட்டுதான் கொடுப்பாங்க, சேத்து வெக்க முடியாம. சோதன போடுறது யார? சொந்த அத்தைய, மாமன. காட்டுக்குள்ள போனவங்கள்லயும் நம்ம ஆளுங்க இருந்தாங்க, தொழிற்சங்கத்துல இருந்த கணபதிய 1949ல தூக்குல போட்டாங்களே. ஒரே லயத்துல ரெண்டு பக்கமும் இருந்திருக்கு. தாத்தா சொல்வாரு, துப்பாக்கி புடிச்சு நின்னது கஷ்டமில்லடா, அத்த சட்டிய தொறக்க சொன்னதுதான் கஷ்டம்னு.

தோட்டத்து மவன்:
ராஜா தம்பி, கோவமே இல்ல, நீங்க சொன்னது சரி. உங்கம்மா செய்யிறதுதான் பெருசு. பழைய லயம் அண்ணே, இத விரிவா எழுதுங்க, அத்த கத முழுசா வேணும். சாந்தி அக்கா, அம்மாயி போட்டோ இருந்தா பின்னாடி பேரும் வருஷமும் எழுதி வைங்க.

ஒரு உதவி வேணும். அன்னிக்கு சிக்னல் செட்ட தூக்கின சரவாக்கு நண்பர பெரியப்பா சர்வீஸ் முடிஞ்சதுக்கப்புறம் பாக்கவேயில்ல. உங்க வீட்டுல யாராவது 70கள்ல கிரிக், பாண்டிங் பக்கம் ரேஞ்சர்ல இருந்திருந்தா எந்த பட்டாலியன்னு மட்டும் போடுங்க, பேரு நம்பர் எல்லாம் இங்க போடாதீங்க. பெரியப்பாவுக்கு இப்ப காது கேக்காது, ஆனா நான் பெருசா எழுதி காட்டுனா படிச்சிருவாரு.