புதுப்பிப்பு: பள்ளி நூலகத்தில் அட்டை ஆடும் புத்தகங்கள்

கிழிந்த பக்கங்களை ஒட்டுவது பற்றிய என் பழைய இழையில், கெட்டி அட்டை தளர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

புத்தகத்தை நிமிர்த்தி நிறுத்தி, அட்டைகளை லேசாக விரியுங்கள். மெல்லிய பின்னல் ஊசியில் வெள்ளை பி.வி.ஏ. பசையை (ஃபெவிகால் போன்றது) தடவி, முதுகோர மடிப்புக்குள் (அட்டையும் முதுகும் சேரும் இடத்தில் உள்ள இடைவெளி) மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி விட்டு உருட்டுங்கள். பசை கூடினால் பிதுங்கி முதல் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் இருபுறமும் அட்டைக்கும் பக்கங்களுக்கும் நடுவே மெழுகுத்தாள் கட்டாயம். மூடி, கனமான அகராதிகளை மேலே அடுக்கி ஓர் இரவு விடுங்கள். உள்தையல் அறுந்திருந்தால் இது உதவாது, பைண்டரிடம்தான் கொடுக்க வேண்டும்.

மைதாப் பசை வேண்டாம், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. செலோடேப் இன்னும் மோசம்: பழுத்து, கோந்து கசிந்து பக்கத்தில் கறை ஏறும்.

சின்னப் பிள்ளைகள் முதுகின் மேல்விளிம்பைப் பிடித்து இழுப்பதால்தான் பெரும்பாலும் அட்டை தளர்கிறது. அலமாரியில் நெருக்கி அடுக்காமல், பிள்ளையின் விரல் நுழைய இடம் விடுங்கள்.