காலைப் புகை சுமத்ராவுடையதா, நம்முடையதா? (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

பெரட்டு மணி:
சனிக்கிழமை காலை 7.30-க்கு எங்கள் தமிழ்ப்பள்ளித் திடலில் ஓட்டப் பயிற்சி. போன வாரம் என் மகள் இரண்டு சுற்று முடிப்பதற்குள் இருமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திடலுக்கு அப்பால், செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டைகளின் உயரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை அசையாமல் கிடந்தது. கைப்பேசியில் பார்த்தால் ஈப்போ தாசேக் நிலையத்தின் காற்றுக் குறியீடு ‘மிதம்’ என்கிறது. நம் ஊரில் மாலையில் கொளுத்தும் குப்பையின் புகைதான் இது, வெயில் ஏறினால் விலகிவிடும் என்று நினைக்கிறேன். பயிற்சியை ஒன்பது மணிக்குத் தள்ளச் சொல்லலாமா?

செம்பனையூரான்:
எதற்கு? இது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். சுமத்ராவில் கரிமண் நிலம் எரிந்தால் இங்கே புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். 2013 ஜூனில் மூவாரில் 746. மூவார்க்காரர்கள் வீட்டுக் குப்பையைக் கொளுத்தியா அந்த எண் வந்தது? ஒன்பது மணிக்குத் தள்ளினாலும் அதே புகைதான். பிள்ளைகளுக்கு வெயில் வேறு சேரும்.

பெரட்டு மணி:
மூவார் கணக்கை நான் மறுக்கவில்லை, அண்ணன். ஆனால் கடல் கடந்து வரும் புகைமூட்டம் நாள் முழுவதும் நிற்கும். மத்தியானம்கூட மலை தெரியாது. இங்கே பத்து மணிக்கெல்லாம் தித்திவாங்சா மலைத்தொடர் பளிச்சென்று தெரிகிறதே! இரவில் மலைச்சரிவுகளின் குளிர்காற்று கனத்து இறங்கி, பிளுஸ் ஆற்றுப் பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே இளஞ்சூடான காற்று, சட்டிக்கு மூடி போட்டதுபோல. மாலை ஆறரைக்குக் கொளுத்திய சருகும் பிளாஸ்டிக் பையும் மேலே போக வழியில்லாமல் விடியும்வரை நம்மோடு படுத்துக் கிடக்கின்றன. வெயில் தரையைச் சூடாக்கிய பிறகுதான் மூடி திறக்கிறது.

அந்தக் குறியீட்டில் நுண்துகளை 24 மணி நேரச் சராசரியாகத்தான் கணக்கிடுகிறார்கள். காலை மூன்று மணி நேரப் புகை அதில் கரைந்து காணாமல் போய்விடும். அந்த நிலையமும் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

மங்கும் கத்தியும்:
இருவருக்கும் ஒரு வார்த்தை. முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன் நான். பெரட்டு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து இருட்டிலேயே மரத்துக்குப் போவோம். குளிர் இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும். அந்தக் குளிர் நம் பள்ளத்துக்குப் புதிதல்ல. பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் மரம் தெரியாது. ஆகவே வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் புகை என்று அலற வேண்டாம்.

வேறுபாடு தெரிய வேண்டுமா? விடியலில் காரின் முன்கண்ணாடியை வெள்ளைத் துணியால் துடையுங்கள். பனி என்றால் துணி நனையும், அவ்வளவுதான். நேற்று என் துணியில் கருஞ்சாம்பல் இழுவிக்கொண்டு வந்தது. சருகு எரிந்த மணத்தோடு ரப்பர் செருப்பு கருகிய நாற்றமும் இருந்தது. புகைக்கொட்டகைப் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) வளர்ந்த மூக்கு இது. பால்ஷீட்டை (ரப்பர்த் தகட்டை) உலர்த்தப் போடும் விறகுப் புகையா வேறு புகையா என்று சொல்லிவிடும்.

செம்பனையூரான்:
ஐயா, உங்கள் மூக்கை நம்புகிறேன். மணியின் மூடியைத்தான் நம்ப முடியவில்லை. நான்கு வீட்டுச் சருகு ஒரு பட்டணத்தையே மூடுமா?

பெரட்டு மணி:
நான்கு வீடா? நேற்று மாலை மகளை டியூஷனிலிருந்து கூட்டி வரும்போது எண்ணினேன். நம் தாமானில் (குடியிருப்பில்) மட்டும் எரியும் குவியல் பதினொன்று. திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்க 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 29ஏ பிரிவே இருக்கிறது. சுமத்ராவைத் திட்டுவது சுலபம், அண்ணன். அங்கே எரிந்தால் நம்மால் தண்ணீர் ஊற்ற முடியாது. இங்கே ஒரு வாளி போதும்.

ஆற்றோரம்:
ஒன்பது மணி வேண்டாம், எட்டேமுக்கால். என் மகனுக்குப் பத்தரைக்குத் தேவார வகுப்பு.

செம்பனையூரான்:
சட்டம் பேசுகிறீர்களே, சருகை எங்கே போடச் சொல்கிறீர்கள்? குப்பை லாரி மூட்டையைத் தொடுவதில்லை. மூன்று வாரமாக என் வாசலில் நான்கு மூட்டை. மழையில் நனைந்து, அதில் கொசு வேறு. கொளுத்தாமல் கொஞ்சவா முடியும்?

மங்கும் கத்தியும்:
வாழை அடியில் கொட்டலாம். ஆறு மாதத்தில் மண்ணாகிவிடும். பச்சை மட்டையைச் சேர்க்காதீர்கள், வண்டு வரும்.

செம்பனையூரான்:
வாசல் முழுக்க சிமெண்டு போட்டவன் வாழைக்கு எங்கே போவான், ஐயா?

மங்கும் கத்தியும்:
என் வீட்டில் ஏழு வாழை இருக்கிறது. கோவில் திருப்பத்துக்கு அடுத்த சந்து, பச்சை கேட். ஞாயிறு காலை கொண்டு வாருங்கள். மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது உங்கள் வேலை. எனக்கு முதுகு வலி.