குடிநீர்த் தகவல் தளத்தில் கமிஷன் இணைப்புகள் வைக்கலாமா?

வேளச்சேரிவாசி:
சென்னை வீடுகளின் குடிநீர் பற்றி நான் நடத்தும் தகவல் தளத்துக்கு வாசகர் வருகை நன்றாகவே இருக்கிறது. மெட்ரோ தண்ணீர் மஞ்சளாக வருவது ஏன், போர் தண்ணீரில் உப்பை அளப்பது எப்படி, கீழ்த்தொட்டியைக் கழுவுவது எப்படி என்ற கட்டுரைகளே அதிகம் படிக்கப்படுகின்றன. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்றுக்கொண்டாலும், அதில் வருவது சர்வர் வாடகைக்கே போதவில்லை. எனவே சுத்திகரிப்பான்களுக்கு அமேசான் அஃபிலியேட் இணைப்புகளை (அவை வழியே யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்) சேர்க்க எண்ணுகிறேன். தங்கள் கருத்துகளைக் கூறுங்கள்.

மயிலை வாசகன்:
வேண்டாம் என்பதே என் கருத்து. தங்கள் தளத்துக்கு வருபவர் குழாயில் ஏதோ கோளாறு என்று பதறி வருகிறாரே தவிர, கடைக்குப் புறப்பட்டு வரவில்லை. விடை கிடைத்ததும் பக்கத்தை மூடிவிடுவார். இணைப்பைத் தட்டிய 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் கமிஷன். கார்ட்டில் போட்டு வைத்தால் மட்டும் கெடு சற்று நீளும். பதினைந்தாயிரம் ரூபாய்க் கருவியை, மாமியாரையும் பக்கத்து ஃபிளாட்காரரையும் கேட்காமல் ஒரே நாளில் வாங்கும் குடும்பத்தை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

தரமணி நிரலர்:
மயிலை நண்பர் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே தட்டில் வைக்கிறார். மஞ்சள் தண்ணீர்க் கட்டுரையில் இணைப்பு வைப்பது வீண் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வகைக் கேள்விகளுக்குத் தேடுபொறியே மேலே சுருக்க விடை தந்துவிடுவதால் அந்த வருகையும் குறையத்தான் போகிறது. ஆனால் ‘போர் தண்ணீருக்கு ஆர்ஓ (உப்பைச் சவ்வால் வடிகட்டும் கருவி) வேண்டுமா, யூவி (புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் கருவி) போதுமா’ என்று தேடுபவர் ஏறத்தாழ வாங்கும் முடிவோடுதான் வருகிறார். அந்தச் சில பக்கங்கள் மற்ற எல்லாக் கட்டுரைகளுக்கும் சோறு போடும். இணைப்பு வழியே போனவர் அந்தக் கெடுவுக்குள் செருப்பு வாங்கினாலும் பெரும்பாலும் கமிஷன் உண்டு. பணம் வராத எத்தனை தமிழ்த் தளங்கள், டொமைனை (தள முகவரியை) புதுப்பிக்க ஆளின்றி மறைந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மயிலை வாசகன்:
வாங்கும் முடிவோடு வருபவரிடம்தான் ஆபத்தே இருக்கிறது. குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500 சொல்கிறது. 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. அப்படியிருக்க, உப்புக் குறைந்த ஏரித் தண்ணீர் வரும் வீட்டுக்காரரிடம் ‘ஆர்ஓ வாங்காதீர்கள்’ என்றுதான் தாங்கள் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்துக்கு எந்த நிறுவனமும் கமிஷன் தருவதில்லை. தாங்கள் பொய் எழுதுவீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் பத்தியில் இருந்த அந்த வாக்கியம் மெல்ல ஏழாம் பத்திக்கு நகரும். அது இருந்த இடத்தில் ‘இப்போதே வாங்குக’ என்ற பொத்தான் வந்து உட்காரும்.

அதோடு, கமிஷன் விகிதம் நம் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்க அமேசான் அறைக்கலன், வீட்டுப் பராமரிப்புப் பொருள்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 3 சதவீதமாக்கியது. அதை நம்பித் தளம் நடத்தியவர்களை யாரும் கலந்து பேசவில்லை.

பெரம்பூர் கணக்கர்:
இருவரும் விட்டதைச் சொல்கிறேன். பொருளைப் பரிந்துரைப்பவர், அது விற்றால் தமக்கு ஆதாயம் உண்டு என்பதை வாசகருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. தவறான பரிந்துரைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. அறிவிப்பைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளிக்காமல் இணைப்புக்கு முன்பே வையுங்கள். கமிஷன் மீதான வரிப்பிடித்தம் 2024 அக்டோபர் முதல் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்துள்ளது. கணக்குத் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

தரமணி நிரலர்:
நல்ல தகவல், ஐயா. ஒன்றைச் சேர்க்கிறேன்: அமேசான் விதிப்படி விலையைக் கையால் தட்டச்சு செய்து போடக் கூடாது. இணைப்புகளின் நிரலில், இது ஆதாயம் தரும் இணைப்பு என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘ஸ்பான்சர்டு’ குறியையும் இடுங்கள். கூகுள் 2019 முதல் அதைக் கேட்கிறது.

மயிலை நண்பர் அஞ்சும் நகர்வைத் தடுக்க வழி உண்டு. உப்பை அளக்கும் மீட்டருக்கு முதலில் இணைப்பு கொடுங்கள். அளவு 500க்கு மேல் வந்தவர் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்க் கருவிகளைப் பார்க்கட்டும். கடல்நீர் ஊடுருவிய கடற்கரையோர ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருப்பவருக்கு ஆர்ஓ உண்மையிலேயே தேவை. அவருக்கு நல்ல கருவியைக் காட்டிக் கமிஷன் பெறுவதில் என்ன குற்றம்?

மயிலை வாசகன்:
சில நூறு ரூபாய் மீட்டருக்கு வரும் கமிஷனில் சர்வர் வாடகை எப்படிக் கட்டுவார்? ஆக, வருமானம் முழுவதும் அந்த இரண்டாம் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். அதற்கு ஆட்களை அனுப்பும் ஆசை முதல் பக்கத்தை எழுதும்போதே தொற்றிக்கொள்ளும்.

வேளச்சேரிவாசி:
அனைவருக்கும் நன்றி. மீட்டர் கட்டுரையிலும், 500க்கு மேல் உள்ளவர்களுக்கான ஒரே ஒரு பக்கத்திலும் மட்டும் இணைப்புகளை வைக்கப் போகிறேன். மஞ்சள் தண்ணீர், தொட்டிக் கட்டுரைகளைத் தொட மாட்டேன். ‘யாருக்கு வேண்டாம்’ என்பதே அந்தப் பக்கத்தின் முதல் பத்தியாக இருக்கும்.

மயிலை வாசகன்:
அப்படியே செய்யுங்கள். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அந்த ஆர்ஓ எவ்வளவு தண்ணீரை வீணாக வெளியே தள்ளும் என்பதையும் ஒவ்வோர் இணைப்புக்கும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதன் பிறகு எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்று பார்ப்போம்.