ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் வெளியே வீசுகிறது: மாருதி 800 இன்ஜினில் நானே கட்டிய சிறு காருக்கு உதவி தேவை

கேட்பவர், கோவை

வணக்கம். பகலில் லேத் பட்டறை வேலை. இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்தக் கார்தான். இரண்டு பேர் உட்காரும் சிறிய திறந்த வண்டி. 25 மி.மீ. சதுரக் குழாயில் (சுவர்க் கனம் 1.6 மி.மீ.) சட்டம் கட்டினேன். உடைப்புக்குப் போன ஒரு மாருதி 800-இன் இன்ஜின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து இருக்கைக்குப் பின்னால் பொருத்தினேன். முன்பக்கத்துக்கு இன்னொரு 800-இன் முன் சஸ்பென்ஷன். நான்கு சக்கரத்திலும் அதே டிஸ்க் பிரேக். பின்னால் ஸ்டீயரிங் ரேக் (சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டம்) தேவையில்லை என்பதால் அதைக் கழற்றிவிட்டு, அதையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியான டை ராடின் உள்முனையைச் சட்டத்தில் ஒரு பிராக்கெட் வைத்துப் பூட்டினேன்.

எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருக்கும்போது முன்னால் 195 கிலோ, பின்னால் 285 கிலோ, மொத்தம் 480. வீல்பேஸ் 2 மீட்டர்.

மூடிக் கிடக்கும் ஒரு மில்லின் உள்வளாகத்தில் உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டிப் பார்க்கிறேன். 30 கி.மீ. வரை குழந்தை போல வருகிறது. 40-ஐத் தொட்டால் குணம் மாறுகிறது. வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசுகிறது. இரண்டு முறை முழுவதுமாகச் சுற்றி நின்றேன். நேராகப் போகும்போது அழுத்திப் பிரேக் பிடித்தாலும் பின்பக்கம் ஆடுகிறது. தரையில் முதலில் விழுவது பின்சக்கரம் சறுக்கிய கோடுதான். சிறு மேடு ஏறி இறங்கினால் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல வண்டி ஒரு பக்கம் போகிறது.

கடையில் வீல் அலைன்மென்ட் பார்த்தாகிவிட்டது. முன்சக்கரம் சரி என்றார்கள். பின்னால் அவர்கள் பார்க்கவில்லை.

பின் ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாக்கினால் சரியாகுமா? வளாகத்தில் இடம் போதவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு பைபாஸ் காலியாக இருக்கும்போது 60-இல் ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்றும் நினைக்கிறேன்.

சேலத்திலிருந்து

எடை பின்னால் அதிகம், அதனால்தான் வீசுகிறது. கெட்டி ஸ்பிரிங், அகல டயர் போடுங்கள். என் நண்பரின் ஜீப்பில் அப்படித்தான் சரியானது.

பந்தயக் கார் மெக்கானிக், ஸ்ரீபெரும்புதூர்

தம்பி, முதலில் பைபாஸ் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். ஸ்பிரிங்கிலும் இப்போது கை வைக்க வேண்டாம்.

உங்கள் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்: "டை ராடின் உள்முனையைச் சட்டத்தில் ஒரு பிராக்கெட் வைத்துப் பூட்டினேன்." அந்த பிராக்கெட்டை எந்த உயரத்தில் வைத்தீர்கள்? எதை அளந்து வைத்தீர்கள்? கியர்பாக்ஸுக்கு இடிக்காமல் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் காரில் நானும் அதைத்தான் செய்தேன்.

நீங்கள் பின்னால் வைத்திருப்பது திரும்புவதற்கென்று செய்யப்பட்ட சக்கரம். அது திரும்பாமல் பிடித்து வைத்திருப்பது அந்த டை ராட் ஒன்றுதான். சக்கரம் மேலும் கீழும் போகும்போது லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே சட்டத்தோடு இணைக்கும் கை) வெளிமுனை ஒரு வளைகோட்டில் போகும்; டை ராடின் வெளிமுனை வேறொரு வளைகோட்டில் போகும். இரண்டும் ஒத்துப்போனால் சக்கரம் நேராக நிற்கும். இல்லையென்றால் ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் உங்கள் பின்சக்கரம் தானாகத் திரும்புகிறது. ஸ்டீயரிங் உங்கள் கையில் ஒன்று, பின்னால் யார் கையிலும் இல்லாமல் இன்னொன்று.

இப்போது வளைவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எடை முன்னால் போகிறது, பின்பக்கம் எழும்புகிறது, அதாவது பின்சக்கரங்கள் சட்டத்தை விட்டுக் கீழே இறங்குகின்றன. உங்கள் டை ராட் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் உள்முனை இருக்க வேண்டியதைவிட உயரத்தில் இருந்தால், சக்கரம் இறங்கும்போது அதன் பின்விளிம்பை உள்ளே இழுக்கும். முன்விளிம்பு வெளியே பார்க்கும். வளைவின் வெளிப்பக்கச் சக்கரம்தான் அப்போது எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது; அது வெளியே பார்த்தால் பின்பக்கம் வெளியேதான் போகும். நேராகப் பிரேக் பிடிக்கும்போது இரண்டு பின்சக்கரங்களும் ஒரே நேரத்தில் வெளியே பார்க்கின்றன. அந்த ஆட்டம் அதுதான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். காரை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, பின் ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிட்டு ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) திரும்பப் பொருத்துங்கள். ஹப்பில் (சக்கரம் பூட்டும் குடம்) 400 மி.மீ. நீளமுள்ள நேரான பலகையையோ அலுமினியப் பட்டையையோ நட்டுப் பூட்டுங்கள். காருக்கு இணையாக ஒரு நூல் கட்டுங்கள். ஜாக்கியால் சக்கரத்தை 10 மி.மீ. 10 மி.மீ. ஆக 30 வரை ஏற்றி, அதேபோல 30 இறக்கி, பலகையின் முன்முனையும் பின்முனையும் நூலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று ஒவ்வொரு படியிலும் எழுதிக்கொள்ளுங்கள். லேத் ஓட்டும் கைக்கு இது அரை நாள் வேலை.

ஸ்பிரிங் விஷயம். அது முழு மாருதி 800-இன் முன்பக்க எடையைத் தாங்கச் செய்யப்பட்டது. உங்கள் காரில் எந்த முனையிலும் அவ்வளவு எடை இல்லை. ஆகவே அது ஏற்கெனவே உங்களுக்குக் கெட்டிதான், வண்டியும் உயர்ந்து நிற்கும். உயர்ந்து நின்றால் சக்கரம் எப்போதுமே இறங்கிய நிலையில், அந்த மோசமான பகுதியிலேயே இருக்கிறது. இன்னும் கெட்டியாக்கினால் இன்னும் மோசம். சேலம் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் ஜீப் வேறு, இது வேறு. கேஸ் வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கை அமுக்கவும் வேண்டாம். எஃகின் பதம் போய்விடும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரே காரின் முன் சஸ்பென்ஷனை இரண்டு முனையிலும் வைத்துக் கட்டுவது வெட்கப்பட வேண்டிய குறுக்குவழி அல்ல. 1946-இல் இங்கிலாந்தின் சர்பிட்டனில் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் இரண்டு பழைய ஃபியட் டோப்போலினோ கார்களின் முன்பாகங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்து, ஓட்டுநருக்குப் பின்னால் 500 சி.சி. மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்துத்தான் தங்கள் முதல் பந்தயக் காரைக் கட்டினார்கள். 1959-இல் ஜாக் பிராபம் உலகச் சாம்பியன் ஆனது அந்தப் பட்டறையின் பின் இன்ஜின் காரில். உங்கள் ஊரிலேயே கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியது அந்த வகைக் காரில்தான். நீங்கள் நல்ல வரிசையில் நிற்கிறீர்கள். அளந்துவிட்டு வாருங்கள்.

கேட்பவர், கோவை

ஐயா, அளந்தேன். இடது பின்சக்கரத்தின் கணக்கு: நிற்கும் நிலையில் 1 மி.மீ. உள்ளே பார்க்கிறது. 30 மி.மீ. ஏற்றினால் 7 மி.மீ. உள்ளே. 30 மி.மீ. இறக்கினால் 8 மி.மீ. வெளியே. வலதும் ஏறக்குறைய இதேதான். இரண்டு முறை அளந்தேன், ஏனென்றால் முதல் முறை நம்ப முடியவில்லை. என் கண் முன்னாலேயே சக்கரம் திரும்புகிறது.

பிராக்கெட்டைக் கியர்பாக்ஸுக்கு மேலே ஒதுக்கித்தான் வைத்தேன். நீங்கள் சொன்னது அப்படியே உண்மை.

பந்தயக் கார் மெக்கானிக், ஸ்ரீபெரும்புதூர்

நல்லது. டை ராட் சுமார் 320 மி.மீ. இருக்கும் என்றால், உங்கள் அளவைப் பார்க்கையில் உள்முனை இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 25 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. பிராக்கெட்டை வெட்டிவிட்டு உடனே புதிதாக வெல்டு வைக்க வேண்டாம். முதலில் நீள்துளை போட்ட ஒரு தற்காலிகத் தகடு வையுங்கள். டை ராடின் நீளம் லோயர் ஆர்மின் நீளத்துக்கு அருகில் இருக்கட்டும். உயரத்தை 5 மி.மீ. 5 மி.மீ. ஆக இறக்கி ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் மாற்றம் 1 மி.மீ.க்குள் வரும் இடம் கிடைக்கும். அங்கே நிரந்தரமாக வையுங்கள். ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷனில் அந்த இடத்தைக் காகிதத்தில் தேடுவதைவிட ஜாக்கியில் தேடுவது விரைவு. கடைசியாக, நிற்கும் நிலையில் ஒவ்வொரு சக்கரமும் 1 மி.மீ. உள்ளே பார்க்கும்படி வைத்துப் பூட்டுங்கள்.

ஓய்வுபெற்ற டூல்ரூம் ஃபோர்மேன், ஓசூர்

இரண்டு செய்திகள். பிராக்கெட் ஒற்றைத் தகடா, இரட்டைத் தகடா? போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால் அது வளைந்து வளைந்து ஒரு நாள் முறியும். அது முறிந்தால் சக்கரத்தைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. இரு பக்கமும் தகடு வைத்து நடுவில் டை ராட் முனை வர வேண்டும். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட், நைலான் வளையம் உள்ள நட். கழற்றினால் நட்டைப் புதிதாகப் போடுங்கள்.

அடுத்து பிரேக். டை ராட் சரியானாலும் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்வது (சுழலாமல் நின்று சறுக்குவது) தீராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எடை மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பின் 0.8 மடங்கு வேகத்தணிவில் 480 × 0.8 × 0.45 ÷ 2, அதாவது 86 கிலோ பின்னாலிருந்து முன்னால் போகிறது. பின்னால் 199, முன்னால் 281. பின்சக்கரங்கள் தாங்கக்கூடிய பிரேக் 41 சதவீதம். நீங்கள் நான்கிலும் ஒரே டிஸ்க் வைத்து அவற்றுக்கு 50 சதவீதம் கொடுக்கிறீர்கள். பூட்டாமல் என்ன செய்யும்? நிற்கும்போது பின்னால் எடை அதிகம் என்பதால் பின் பிரேக் பலமாக இருக்கட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பிரேக் பிடிக்கும் நொடியில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

பிரேக் குழாயை மூலைக்கு மூலை இணைத்திருந்தால் மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் ஓர் அறை முன்னுக்கு, மற்றது பின்னுக்கு. பின் குழாயில், கையால் திருகி அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று. 30 கி.மீ. வேகத்தில் நேராகப் பிடித்துப் பார்த்து, முன்சக்கரம் ஒரு மயிரிழை முன்னதாகப் பூட்டும் வரை குறையுங்கள். முன்சக்கரம் பூட்டினால் நேராகப் போய் நிற்பீர்கள். பின்சக்கரம் பூட்டினால் எந்தத் திசை பார்த்து நிற்பீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

கேட்பவர், கோவை

ஐயா, பிராக்கெட் ஒற்றைத் தகடுதான். குழாய் மூலைக்கு மூலைதான். இரண்டையும் மாற்றுகிறேன்.

டயர் பற்றியும் கேட்டுவிடுகிறேன். பழைய இரும்புக் கடையில் எடுத்த 145/70 ஆர்12. பட்டை நன்றாக இருக்கிறது. காற்று 28 பி.எஸ்.ஐ. வைத்திருக்கிறேன். டயரின் பக்கவாட்டில் 1109 என்று ஒரு முட்டை வடிவக் கட்டத்தில் எழுதியிருக்கிறது.

பந்தயக் கார் மெக்கானிக், ஸ்ரீபெரும்புதூர்

அது 2009-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டை இருந்தும் பயன் இல்லை, ரப்பர் கல்லாகியிருக்கும். நான்கையும் தூக்கிப் போடுங்கள். புதியதில் 18 பி.எஸ்.ஐ.யில் தொடங்குங்கள், 28 என்பது இதைவிட எவ்வளவோ கனமான காருக்கு.

தலைக்குப் பின்னால் உருளல் வளைவு (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய் வளைவு) வைத்திருக்கிறீர்களா? என்ன குழாய்?

கேட்பவர், கோவை

வைத்திருக்கிறேன். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப், பட்டறையில் மீந்தது.

பந்தயக் கார் மெக்கானிக், ஸ்ரீபெரும்புதூர்

அதை இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீருக்குச் செய்த குழாய் அது. தையல் உள்ளது, துத்தநாகம் பூசியது, வெல்டு சரியாகப் பிடிக்காது, அந்தப் புகையும் நுரையீரலுக்கு ஆகாது. பந்தய விதிகளில் முதன்மை வளைவுக்குச் சொல்லும் அளவு தையலற்ற எஃகுக் குழாய், 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ., 2 மி.மீ. கனம். பின்னோக்கி இரண்டு தாங்கிகள், செங்குத்திலிருந்து 30 பாகையாவது சாய்ந்திருக்க வேண்டும். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் உச்சிக்கு மேல் இரண்டு அங்குலம் மிச்சம் இருக்க வேண்டும். தோள் பெல்ட் தோள் மட்டத்திலேயே பின்னால் போகட்டும். இருக்கைக்குப் பின்னால் கீழே கட்டினால் மோதும்போது முதுகெலும்பை அமுக்கும்.

இனி பைபாஸ். வீட்டில் கட்டிய காரைச் சாலைக்குப் பதிவு செய்ய வேண்டுமென்றால், மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தில் மாதிரி தேற வேண்டும். பழைய 800-இன் ஆர்.சி. புத்தகம் இதற்குச் செல்லாது; மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதைத் தெளிவாக்கிவிட்டன. பதிவு இல்லையென்றால் காப்பீடும் இல்லை. விடியற்காலை ஐந்து மணி பைபாஸில் பால் வண்டி வரும், நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் குறுக்கே கடப்பார். 8 மி.மீ. வெளியே பார்க்கும் சக்கரத்தோடு 60-இல் அவரைத் தவிர்க்க முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். செட்டிபாளையத்தில் உங்களுக்கு ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

கேட்பவர், கோவை (ஐந்து வாரம் கழித்து)

முடித்துவிட்டேன். உள்முனை 25 அல்ல, 22 மி.மீ. இறங்கியது. இப்போது 30 ஏற்றினாலும் இறக்கினாலும் மாற்றம் அரை மி.மீ.தான். இரட்டைத் தகடு, புதிய போல்ட், புதிய டயர், பின் குழாயில் வால்வு. வால்வை நான்கு முறை திருகிய பிறகு முன்சக்கரம் முதலில் பூட்டியது.

நேற்று மில் வளாகத்தில் தீயணைப்பானோடு தம்பியை நிற்க வைத்துவிட்டு, 20-இல் தொடங்கி 5, 5 ஆக ஏற்றினேன். 40-இல் அதே வளைவில் வேண்டுமென்றே காலை எடுத்தேன். மூக்கு கொஞ்சம் உள்ளே திரும்பியது, அவ்வளவுதான். மேட்டில் ஏறி இறங்கியபோது ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்திருந்தேன், நேராகவே போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது ஐயா.

45 மி.மீ. தையலற்ற குழாய் வாங்கியாகிவிட்டது. மணல் நிரப்பிச் சூடாக்கி வளைக்கலாமா, அல்லது வெளியே கொடுத்து வளைப்பதா? அது பொருத்தும் வரை காரை எடுப்பதில்லை.

ஓய்வுபெற்ற டூல்ரூம் ஃபோர்மேன், ஓசூர்

சூடாக்க வேண்டாம், பதம் மாறும், உள்வளைவில் சுருக்கமும் விழும். மேண்ட்ரல் (குழாய் நசுங்காமல் உள்ளிருந்து தாங்கும் தண்டு) உள்ள வளைப்பு இயந்திரத்தில் குளிர்நிலையிலேயே ஒரே துண்டாக வளைக்கச் சொல்லுங்கள். முதலில் 6 மி.மீ. கம்பியில் வளைவின் வடிவத்தைச் செய்து, ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பார்த்து, அந்தக் கம்பியையே மாதிரியாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.