டிராஃப்டுக்கு வந்த கமெண்டில் இன்னும் உறுத்துவது எது?

சைதைக்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். குழுவில் படிக்கக் கொடுத்த சிறுகதை. 2015 சென்னை வெள்ளம். அந்த டிசம்பர் 1 ராத்திரியைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம், அடையாறு எல்லாம் தெரிந்த கதைதான். ஒரு குடும்பம் மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறது. கீழே வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் மிதந்துபோய் சமையலறைச் சுவரில் முட்டுகிறது. கரண்ட் இல்லை, போன் இல்லை, தெருவே இருட்டு. விடிய விடியக் கீழேயிருந்து டொம், டொம் என்று அந்த ஒரு சத்தம். உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவது போலவே இருக்கும். பாட்டி சொல்கிறாள்: "யாருப்பா அது, போய்த் திறந்து விடுங்களேன்."

அந்த வரிக்கு மஞ்சள் பூசி ஒருவர் எழுதியிருந்தார்: "நம்பும்படி இல்லை. ஃபிரிட்ஜ் எடை என்ன, அது எப்படி மிதக்கும்? பாட்டி பேசுவது சினிமா வசனம்."

அது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ். எங்கள் பாட்டி.

பதில் போடவில்லை. போட்டால் "இது நிஜமாக நடந்தது" என்று சொல்லித்தான் கதையைக் காப்பாற்ற வேண்டும், அது எனக்குப் பிடிக்கவில்லை. 'ரிசால்வ்' அழுத்திக் கமெண்டை மூடிவிட்டேன். கதையை அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

பறக்கும் ரயில் பிரியன்:

என் கதை உல்டா. கமெண்ட் போட்டவன் நான்.

ஒருவருடைய குறுநாவல், 1998ல் நடக்கிறது. நாயகி தினமும் திருவான்மியூரில் பறக்கும் ரயில், அதாவது தூண்கள் மேல் ஓடுகிற சென்னை ரயில், ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிறாள். மரியாதையாகத்தான் எழுதினேன். "சார், 1995ல் அந்த ரயில் பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரைதான். 1997ல் மயிலாப்பூரில் இருக்கும் திருமயிலை ஸ்டேஷனுக்கு வந்தது. திருவான்மியூருக்கு வர 2004 ஆகிவிட்டது, வேளச்சேரிக்கு 2007. நாயகி பஸ் பிடித்து மயிலாப்பூர் வந்து ஏறட்டும், அல்லது வருஷத்தை மாற்றிவிடுங்கள்." அவ்வளவுதான்.

வந்த பதில்: "கதை படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் கருத்துச் சொன்னால் போதும். எனக்கு ரயில்வே டைம்டேபிள் தேவையில்லை." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

உச்சக்கட்டமே அந்த பிளாட்பாரத்தில்தான் வருகிறது. கடைசி வண்டியை விட்டுவிட்டு அங்கே நின்று அழுகிறாள். இல்லாத பிளாட்பாரத்தில் நின்று ஒருத்தி அழுதால் எனக்கு எப்படி சார் அழுகை வரும்?

மூணாவது மாடி:

பறக்கும் ரயில் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், அழுகை வராதது உங்கள் பிரச்சினை. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து படிக்கிறவருக்கு 98ஆ 2004ஆ என்று தெரியவா போகிறது? முதல் டிராஃப்டில் அவருக்கு வேண்டியது அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்பது புரிகிறதா இல்லையா என்பதுதான். அதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா? ரயில் மட்டும்தான் கண்ணில் பட்டது என்றால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

என் அனுபவம் வேறு மாதிரி. கதை ஒரு மருமகளைப் பற்றியது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அம்மாவுக்கு போன் பேசுவாள். குழுவில் நாலைந்து பேர் மட்டும் படிக்கட்டும் என்று கூகுள் டாக்ஸ் லிங்க் போட்டேன். 'லிங்க் உள்ள யாரும் திருத்தலாம்' என்று வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பெருமையாக அதையே குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார், எனக்குத் தெரியாது.

ஒரு ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு திருத்தலாம் என்று திறந்தேன். மேல் மூலையில் ஒரு குட்டிப் படம், 'அனானிமஸ் ஜக்கால்', பெயரில்லாத குள்ளநரி. உள்நுழையாமல் வருகிறவர்களுக்கு கூகுள் இப்படி ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரைக் கொடுக்கும், உங்களுக்குத் தெரியும். குழு ஆள் யாரோ என்று நினைத்தேன். அந்தக் கர்சர் குளியலறைக் காட்சியில் போய் நின்றது. நகரவே இல்லை. "தண்ணி வீணாகுது என்று மாமியார் கத்தினார்" என்ற வரி. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது 'கத்தினார்' ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் 'சொன்னார்' என்று வந்தது. குள்ளநரி போய்விட்டது.

யாரென்று இன்றுவரை தெரியாது. நாத்தனார் மேல் சந்தேகம். மாமியாருக்கு டைப் அடிக்க வரும் என்று நான் நினைத்ததில்லை. அந்தத் தீபாவளிக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தோம், யாரும் வாயைத் திறக்கவில்லை. 'சொன்னார்' நன்றாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

குரோம்பேட்டை கணக்கன்:

எனக்கு ஒரே வரிதான். அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனதைப் பற்றி எழுதியிருந்தேன். எழுதவே வருஷக்கணக்கில் தைரியம் வராமல், ஒருவழியாக எழுதியது. "அப்பாவின் கையை பிடித்துக்கொண்டேன். சூடு இன்னும் போகவில்லை" என்று முடியும்.

ஒரே ஒரு கமெண்ட். "கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் வேற்றுமை விரி. ப் மிகும்."

மொத்தக் கதைக்கும் அவ்வளவுதான். அன்றிலிருந்து எதை அனுப்பினாலும் முதலில் நாவி, வாணி என்கிற இணையத் திருத்திகளில் போட்டு ஒற்றும் எழுத்துப் பிழையும் பார்த்துவிடுகிறேன். திருத்த ஒற்று இல்லையென்றால் வேறு ஏதாவது சொல்வார்களா என்று ஆசை. சொல்வதில்லை.

வியாசர்பாடி மெக்கானிக்:

சைதைக்காரன் தம்பி, எனக்குக் கதை எழுத வராது, படிக்க வருவேன். ஃபிரிட்ஜ் வேலை பார்க்கிறவன். 2015 டிசம்பரும் அடுத்த தை மாசமும் எனக்கு வேறு வேலையே கிடையாது. கோட்டூர்புரம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாஃபர்கான்பேட்டை, எங்கே போனாலும் ஃபிரிட்ஜ் வைத்த இடத்தில் இருக்காது. ஒரு வீட்டில் ஹாலைத் தாண்டி படுக்கையறைக் கட்டில் மேல் ஏறிப் படுத்திருந்தது.

உங்களுக்குக் கமெண்ட் போட்டவர் எடையை மட்டும் பார்க்கிறார். 250 லிட்டர் ஃபிரிட்ஜ் ஐம்பது கிலோ சுமாருக்கு வரும், சரி. ஆனால் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது? உள்ளே பாதிக்கு மேல் காற்று, சுவர் முழுக்க பஃப் என்கிற நுரை, கதவைச் சுற்றி ரப்பர் கேஸ்கட். தண்ணீர் தூக்கத்தான் செய்யும். கம்ப்ரசர் பின்னால் அடியில் இருக்கிறது, அதுதான் கனம். அதனால் நேராக நிற்காது, முதுகைக் கீழே போட்டு மல்லாந்து மிதக்கும். வெளித்தகடு மெல்லியது என்பதால் சுவரில் பட்டால் டொம் என்றுதான் கேட்கும். நீங்கள் எழுதிய சத்தம் சரி.

நான் சொல்வது என்னவென்றால் இதைக் கதையில் ஒரு இடத்தில் சேர்த்துவிடுங்கள். கேஸ்கட் புதுசு, போன மாசம்தான் மாற்றினோம் என்று அம்மா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லட்டும். கம்ப்ரசர் பக்கம் சாய்ந்தது என்று ஒரு வரி. கரண்ட் போனபோது பிளக்கைப் பிடுங்கினார்களா என்பதும் முக்கியம், யாரும் அதை எழுதுவதில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு அம்மா வீட்டில், மல்லாந்து கிடந்ததைத் திறந்தால் உள்ளே இட்லி மாவுத் தூக்கில் சேற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. மாவு மட்டும் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. அந்த அம்மா ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்கவில்லை. மாவைப் பார்த்துத்தான் அழுதார். வேண்டுமானால் இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூணாவது மாடி:

மெக்கானிக் அண்ணா, மாவு பிரமாதம். ஆனால் கேஸ்கட் வேண்டாம், சைதைக்காரன், கையெடுத்துக் கும்பிடுகிறேன். கம்ப்ரசர், பஃப் எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் பாட்டி பேசுவதற்குள் விடிந்துவிடும். பாட்டியைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்குக் காது எப்படி? புத்தி தெளிவா? வீட்டில் எல்லாரும் மாடியில்தான் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியுமா? இதில் ஒன்றாவது முன்னாடி வந்திருக்கிறதா?

சைதைக்காரன்:

தெரியும். எங்கள் எல்லோரையும் எண்ணிக்கொண்டே இருந்தார். அதை நான் எழுதவில்லை.

சட்டம் கொஞ்சம் தெரிந்தவன்:

லிங்க்கைத் திறந்துபோட்டு வைப்பதைப் பற்றி அந்த அக்கா சொன்னதால் எழுதுகிறேன். நான் ஒரு பேய்க்கதையை யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஒரு குழுவில் போட்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்து, தாம்பரம் வண்டி, கிண்டி தாண்டிவிட்டது. பக்கத்துச் சீட்டுக்காரர் போனில் யாரோ கதை வாசிக்கிறார்கள். "கிணற்றுக்குள் விழுந்த வாளி திரும்பி வரும்போது நிறைந்திருந்தது, தண்ணீரால் அல்ல." என் வரி. யாரோ ஒரு பெண் குரல், பின்னால் வயலின். "என்னங்க கேக்கறீங்க?" என்றேன். "பேய்க்கதை தம்பி. தூங்கிட்டா ஸ்டேஷன் போயிடும்ல, அதுக்குத்தான்" என்றார். பழவந்தாங்கலில் இறங்கிவிட்டார். சேனல் பெயரைக்கூடப் பார்க்க முடியவில்லை, அப்புறம் தேடித்தான் பிடித்தேன்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்ததுமே உரிமை உங்களுடையது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செய்து வைத்தால் நாளைக்குக் காட்ட ஒரு காகிதம் இருக்கும், அவ்வளவுதான். உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்கப்புறம் 60 வருஷமும் அந்த உரிமை நிற்கும். ஆனால் கருவுக்கு உரிமை கிடையாது. கிணற்றுப் பேய் யாருக்கும் சொந்தமில்லை, அதை எழுதியிருக்கும் விதம்தான் நம்முடையது. அதனால் "என் ஐடியாவைத் திருடிட்டான்" என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள், வரிக்கு வரி எடுத்திருந்தால் போங்கள். யூடியூபிலேயே பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. நான் அதைத்தான் நிரப்பினேன், வீடியோவை எடுத்துவிட்டார்கள்.

ஆதாரத்துக்கு கூகுள் டாக்ஸின் வெர்ஷன் ஹிஸ்டரியே உதவும். எந்தத் தேதியில் என்ன எழுதினீர்கள் என்று அதில் இருக்கும். ஆகவே பழைய டாக்ஸை அழித்துவிட்டுப் புதிதாக ஒட்டாதீர்கள். பகிரும்போது வியூவர், கமெண்டர், எடிட்டர் என்று மூன்று வரும், கமெண்டர் போதும். பகிர்வு அமைப்பிலேயே நகலெடுப்பதையும் டவுன்லோடையும் தடுக்க வழி இருக்கிறது, அதையும் பாருங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை யாராலும் தடுக்க முடியாது, அது வேறு விஷயம்.

முக்கியமாக, போட்டிக்கு அனுப்பப் போகிற கதையைப் பொதுவில் போடவே போடாதீர்கள். பத்திரிகைப் போட்டி விதிகளில் "அச்சிலோ இணையத்திலோ சமூக ஊடகங்களிலோ வெளிவராதது" என்று உறுதிமொழி கேட்கிறார்கள். கருத்துக் கேட்கத்தான் போட்டேன் என்று அப்புறம் சொன்னால் எடுபடாது. ஓரிருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் படிக்கச் சொல்வது வேறு. அப்புறம், திரைக்கதை எழுதுகிறவர்கள் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில்

குரோம்பேட்டை கணக்கன்:

பாதியில் நின்றுவிட்டது சார். நின்றதும் நல்லதுக்குத்தான். யாரும் கேட்கவில்லையே?

சட்டம் கொஞ்சம் தெரிந்தவன்:

கை பட்டுவிட்டது. மிச்சத்தை இரவு எழுதுகிறேன்.

வடபழனி வாசகன்:

நான் எழுதுவதில்லை, மற்றவர்களுக்குப் படித்துக் கொடுப்பவன். சென்னையில் இதற்கென்று ஒரு சீசன் உண்டு. கார்த்திகை பிறந்ததும் ஆரம்பிக்கும். "சார், புத்தகக் கண்காட்சிக்கு வந்தாகணும், ரெண்டு நாள்ல பார்த்துச் சொல்லிடுங்க" என்று முழு நாவலும் பிடிஎஃபாக வாட்ஸாப்பில் வந்து விழும். ஒருவர் அப்படி அனுப்பினார். ஆபீசுக்கு லீவு போட்டுப் படித்தேன். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு மாமா மாரடைப்பில் இறக்கிறார், காரியம் எல்லாம் நடக்கிறது. பதினொன்றாம் அத்தியாயத்தில் அதே மாமா திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். சர்க்கரை கம்மி என்று குறை வேறு சொல்கிறார். சிவப்பு எழுத்தில், வட்டம் போட்டு, பக்க எண்ணோடு அனுப்பினேன். கூடவே வேறு குறிப்புகளும். "மிக்க நன்றி, உங்களைப் போல யாரும் படிப்பதில்லை" என்று பதில் வந்தது.

ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் ஸ்டால் ஸ்டாலாகப் போய்க்கொண்டிருந்தேன். புத்தகம் அடுக்கியிருந்தது, மையின் வாசனைகூடப் போகவில்லை. எடுத்தவுடன் பதினொன்றாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். மாமா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் எழுத்தாளரே பார்த்துவிட்டு ஓடிவந்தார். வாங்காமல் எப்படி வருவது? பத்து சதவீதத் தள்ளுபடி போட்டுக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "உங்க கரெக்ஷன் எல்லாம் போட்டாச்சு சார், பார்த்தீங்கல்ல?" என்றார். பார்த்தேன் என்றேன்.

பறக்கும் ரயில் பிரியன்:

நாவல் பெயர் என்ன சார்?

வடபழனி வாசகன்:

இங்கே வேண்டாம். அவரும் இதைப் படிப்பார்.

பறக்கும் ரயில் பிரியன்:

அதில் ரயில் வருகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.