ஃபிராங்க் வில்சன் ரெக்கார்ட் கிடைத்திருக்கிறது, விலை என்ன? அவசரம்

லெஸ்டர்_குமரன்
வணக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார். கேரேஜில் கிடந்த ஒரு பெட்டி பழைய சோல் (அமெரிக்கக் கறுப்பின இசை) ரெக்கார்டுகளை எனக்குக் கொடுத்துவிட்டார். அதில் ஃபிராங்க் வில்சனின் ‘டூ ஐ லவ் யூ’ இருக்கிறது. இது ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனதாக இணையத்தில் படித்தேன். மொத்தப் பெட்டிக்கும் 60 பவுண்டு தருகிறேன் என்று ஒருவர் சனிக்கிழமை வருகிறார். கொடுக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊசிமுனை
எந்த லேபிள், அதாவது எந்தக் கம்பெனிப் பெயர்? எண் என்ன? நடுத்துளை பெரியதா (அமெரிக்கத் தட்டு), சிறியதா (பிரிட்டன் தட்டு)? பாட்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

வட்டு_வாத்தியார்
தம்பி, இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கப் பொறுமை இல்லை, லட்சத்துக்கு மட்டும் அவசரம். அசல் என்பது 1965இல் மோட்டவுன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் துணை லேபிளான ‘சோல்’ போட்ட 35019. விளம்பரத்துக்கான டெமோ படிகள் அடித்தார்கள், வெளியீடு நின்றுபோனது, படிகளையும் அழித்துவிட்டார்கள். தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2009இல் ஒரு படி 25,742 பவுண்டுக்குப் போனது. நீங்கள் படித்த ஒரு லட்சம் 2020இல். அது உங்கள் பக்கத்து வீட்டு கேரேஜில் கிடக்குமா என்று நீங்களே யோசியுங்கள்.

தாளம்77
தட்டை லேசாக வளைத்துப் பாருங்கள். வளையாவிட்டால் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், அதாவது அமெரிக்க அசல்.

ஊசிமுனை
தயவுசெய்து எதையும் வளைக்காதீர்கள்! ஸ்டைரீன் வளையாது, உடையும். அமெரிக்காவில் வினைலிலும் அடித்தார்கள், ஸ்டைரீனிலும் அடித்தார்கள், தொழிற்சாலையைப் பொறுத்தது. அசல் ஸ்டைரீனில் மட்டுமே வந்த பாட்டு உங்களிடம் வினைலில் இருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். துளையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஜூக்பாக்ஸுக்காக நடுவைப் பிடுங்கிய பிரிட்டன் தட்டுகள் ஏராளம்.

லெஸ்டர்_குமரன்
லேபிளில் மோட்டவுன் என்றுதான் இருக்கிறது. டி.எம்.ஜி. 1170. துளை சிறியது. படம் எடுக்க நேரமில்லை. பாட்டு 1965 என்றால் தட்டும் 1965தானே? மற்றபடி ஓட்டிஸ் ரெட்டிங் என்ற பாடகரின் பெரிய தட்டு ஒன்று, சிறியவை ஒரு முப்பது. சிலவற்றில் ஓரியோல் என்று போட்டிருக்கிறது, கேள்விப்படாத கம்பெனி.

ஊசிமுனை
1170 என்பது 1979இல் பிரிட்டனில் வந்த மறுபதிப்பு. வட இங்கிலாந்தின் நடன அரங்கான விகன் கசினோவில் இந்தப் பாட்டுக்கு ஆடித் தீர்த்தார்கள். யார் பாடியது என்பதை மறைக்க, எடி ஃபோஸ்டர் என்ற பெயரில் திருட்டுப் பதிப்பே வந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனி முறையாக வெளியிட்டது. நல்ல தட்டுதான், ஆனால் ஆயிரங்களில் பேச முடியாது.

ஹேய்ஸ்_பித்தன்
அவசரப்பட வேண்டாம். பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றி வெறும் வளையம் இருக்கும் அல்லவா, அதை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். ஈ.எம்.ஐ. என்ற பிரிட்டன் கம்பெனியின் தட்டுகளில் தனியாக ஓரிரு எழுத்துகள் இருக்கும்: ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4. எந்த அச்சில் அடித்தது என்று தெரிந்துவிடும். 1960களின் தட்டு என்றால் நடுத்துளை அருகே கே.டி. போன்ற வரிக் குறியும் அழுத்தப்பட்டிருக்கலாம். 1973இல் அந்த விற்பனை வரியே போய்விட்டது.

வட்டு_வாத்தியார்
1979 தட்டில் 1973இல் ஒழிந்த வரியைத் தேடச் சொல்லும் அறிவை மெச்சுகிறேன்.

ஹேய்ஸ்_பித்தன்
பெட்டியில் மீதி முப்பது தட்டு இருக்கிறது ஐயா. அவற்றுக்காகச் சொன்னேன்.

மெம்ஃபிஸ்_மணி
ஓட்டிஸ் தட்டு எது? ‘ஓட்டிஸ் ப்ளூ’ ஆல்பம் என்றால் எண்ணைப் பாருங்கள். அட்லாண்டிக் ஏ.டி.எல். 5041 என்றால் டெக்கா கம்பெனி அடித்த முதல் பிரிட்டன் பதிப்பு. 587 036 என்றால் 1966இல் உரிமை பாலிடோர் கம்பெனிக்குப் போனபின் வந்தது. முதலாவதற்குத்தான் மதிப்பு. கீறல் எப்படி? அட்டையில் பேனாவால் எழுதியிருக்கிறதா?

வட்டு_வாத்தியார்
‘முதல் பிரிட்டன் பதிப்பு’ எப்படி அசலாகும்? அசல் என்றால் மெம்ஃபிஸ், வோல்ட் லேபிளின் 412, செப்டம்பர் 1965. மற்றதெல்லாம் இறக்குமதி செய்த டேப்பிலிருந்து வெட்டியது.

மெம்ஃபிஸ்_மணி
அந்தந்த நாட்டின் முதல் பதிப்புக்கு அந்தந்த நாட்டில் சந்தை உண்டு. இங்கே பெட்டி இருப்பது இங்கிலாந்தின் லெஸ்டரில்.

தாளம்77
ஸ்டீரியோ என்றால் விலை கூடும் அல்லவா?

மெம்ஃபிஸ்_மணி
அப்படி ஒரு விதி கிடையாது. ‘ஐ’வ் பீன் லவிங் யூ டூ லாங்’ என்ற ஓட்டிஸ் பாட்டு முதலில் மோனோ (ஒரே தட ஒலி) சிங்கிளாக வந்தது. ஆல்பத்துக்கு ஸ்டீரியோவில் வேண்டும் என்று ஜூலை 1965இல் மறுபடி பாடிப் பதிந்தார்கள். எனக்கு அந்த முதல் மோனோதான் உயிர்.

வட்டு_வாத்தியார்
உங்கள் உயிரை யாரும் விலை கேட்கவில்லை. ஸ்டீரியோவில் டிரம்மும் பித்தளை ஊதுகருவிகளும் பிரிந்து கேட்கும். காது உள்ளவர்களுக்குப் புரியும்.

ஊசிமுனை
இந்தச் சண்டைக்கு வேறு இழை போடுங்கள். குமரன், டிஸ்காக்ஸ் இணையதளத்தில் விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். தரமும் முக்கியம். கோல்ட்மைன் என்ற தர அளவுகோலில் வி.ஜி. (வெரி குட்) பிளஸ் தட்டு, புதிது போன்ற தட்டின் விலையில் பாதிதான் பெறும்; வெறும் வி.ஜி. என்றால் கால்பங்கு. எல்லா எண்களையும் எழுதி அனுப்புங்கள், அதுவரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

லெஸ்டர்_குமரன்
அனைவருக்கும் நன்றி. ஓட்டிஸ் ஏ.டி.எல். 5041தான், அதை வைத்துக்கொண்டேன். அவர் வந்துவிட்டதால் மீதியை 50க்குக் கொடுத்துவிட்டேன்.

நள்ளிரவு_நாதம்
இப்போதுதான் இழையைப் பார்க்கிறேன். ஓரியோல் என்று எழுதியிருந்தீர்களே! 1962-63இல் மோட்டவுன் பாட்டுகளைப் பிரிட்டனில் வெளியிட்ட லேபிள் அதுதான். அப்போது சரியாக விற்கவில்லை, அதனால்தான் இன்று அத்தனை தேடுகிறார்கள். அவற்றில் காண்டூர்ஸ், மார்வெலெட்ஸ், லிட்டில் ஸ்டீவி வொண்டர் என்று ஏதாவது பெயர் இருந்ததா? சி.பி.ஏ. என்று தொடங்கும் எண்ணா? வாங்கியவரின் தொலைபேசி எண் இருக்கிறதா?

ஊசிமுனை
குமரன்?