குஸ்கோ நகரில் என்ன சாப்பிடலாம்?

தக்கலை வாசகர்:
மீனும் மரச்சீனிக் கிழங்கும் தின்று வளர்ந்த நானும் என் மனைவியும் ஜூன் மாதம் பெரு நாட்டின் குஸ்கோவுக்குச் செல்கிறோம். அந்த உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா, எதைச் சாப்பிடலாம்?

நாகர்கோவில் வாசகர்:
அண்ணா, நகரம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் நாள் அரை வயிறு சாப்பிட்டு, கோக்கா இலைத் தேநீரோடு ஓய்வெடுங்கள். (நான் அன்றே படியேறி, இரவெல்லாம் தலைவலியோடு கிடந்தேன்.) மறுநாள் சான் பெத்ரோ சந்தையில், இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்திய உருளைக்கிழங்கான சுனியோ சேர்த்த சைரோ சூப்பைக் கேளுங்கள்.

குளச்சல் வாசகர்:
எலி இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கான கினியாப் பன்றியை முழுதாகச் சுட்ட 'கூய்', பல் தெரியத் தட்டில் வரும். அக்காவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கறுப்பு விதை கொண்ட ரொக்கோட்டோ மிளகாய் நம் காந்தாரி தின்றவர்களையும் வியர்க்க வைக்கும். கோக்கா இலையை மட்டும் ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இங்கே அது சட்டவிரோதம்.